பட்டு காத்திருக்கும்

வீட்டில் நேரம் முழுத்துணியாகக் கிடைப்பதில்லை, வெட்டுத்துண்டாகத்தான் கிடைக்கிறது. குக்கர் மூன்று விசில் அடிக்கும்வரை பத்து நிமிடம், பிள்ளை டியூஷனிலிருந்து திரும்புவதற்குள் முக்கால் மணி, தண்ணீர்த் தொட்டி நிரம்பும்வரை இன்னொரு கால் மணி. இந்தத் துண்டுகளுக்கு நடுவே பட்டு நூலைச் சாயம் தோய்த்து, அந்த நூலால் பூவேலை செய்தோ, சாயமேற்றிய பட்டுத் துண்டுகளை ஒட்டுத்தைத்தோ சுவரில் மாட்டும் சித்திரம் ஒன்றை உருவாக்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து ஊர் வழக்கமாகச் சொல்வது, ‘பொழுதுபோக்கு, பரவாயில்லை’ என்பதுதான். உண்மையான சாயவேலை பட்டறையில் நடக்கிறது, வீட்டில் நடப்பது அதன் குட்டி நகல் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. இந்த எண்ணம் வேதியியல் தெரியாததால் வந்தது. பருத்தியைப் பற்றிச் சொன்னால் அதில் ஓரளவு நியாயம் உண்டு, பட்டைப் பற்றிச் சொன்னால் இல்லை. பட்டு இழையின் அமைப்பும் அது சாயத்தைப் பிடிக்கும் விதமும், விட்டுவிட்டுக் கிடைக்கும் நேரத்துக்கு என்றே அளந்து செய்ததுபோல் பொருந்துகின்றன. அடுப்பை அணைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் பட்டு கெடுவதில்லை. பல சமயம் அப்படிப் போவதுதான் நல்லது.

பட்டு ஒரு புரதம். மல்பெரிப் புழு தன்னைச் சுற்றிப் பின்னும் ஒரே கூட்டிலிருந்து பல நூறு மீட்டர் இழை அறுபடாமல் வரும், நல்ல ரகக் கூட்டில் ஆயிரம் மீட்டரைத் தாண்டும். அந்த இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு மெல்லிய இழைகள் ஒட்டிக்கொண்டிருப்பதும் அவற்றைச் சுற்றிப் பசை பூசியிருப்பதும் தெரியும். உள்ளே இருப்பது ஃபைப்ராயின், பசை செரிசின். கச்சாப் பட்டைச் சோப்பு நீரில் அவித்துப் பசை போக்கும்போது எடையில் கால்வாசி வரை குறைந்துவிடுகிறது, அப்போதுதான் நாம் பட்டு என்று சொல்லும் பளபளப்பு வெளியே வருகிறது. ஃபைப்ராயினில் கிளைசின், அலனின், செரின் என்ற மூன்று சிறிய அமினோ அமிலங்களே ஏறத்தாழ 85 சதவீதம். மூன்றும் உருவில் சிறியவை என்பதால் அடுக்கி வைத்த அப்பளம்போல் நெருங்கிப் படிகின்றன. பட்டின் வலு அங்கிருந்து வருகிறது. ஆனால் இழை முழுக்க இப்படி இறுகிக் கிடப்பதில்லை. இடையிடையே ஒழுங்கு குலைந்த, தளர்ந்த பகுதிகள் உண்டு. நீர் நுழைவது அங்கே, நீரின் பின்னால் சாயம் நுழைவதும் அங்கேதான். பசை போன பட்டிழையின் தடிமன் மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு, தலைமுடியோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஊடுருவலுக்கு ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இழை இரண்டு மடங்கு தடிமனானால் சாயம் நடுவரை போய்ச் சேர நான்கு மடங்கு நேரம் வேண்டும். பட்டில் அந்தப் பயணமே மிகக் குறுகியது.

வினிகரின் வேலை இதற்கு அடுத்தது. பட்டுக்கு இன்று பெரும்பாலும் பயன்படுவது அமிலச் சாயம் என்ற வகை. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம், அமிலம் கலந்த நீரில் ஏறும் சாயம் என்பதே பொருள், அந்த அமிலம் சமையல் வினிகராக இருந்தால் போதும். இந்தச் சாய மூலக்கூறுகள் நீரில் கரையும்போது எதிர்மின் சுமையோடு திரிகின்றன. வினிகர் விட்ட நீரில் பட்டின் அமினோ முனைகள் நேர்மின் சுமை பெறுகின்றன. ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். குண்டானில் நடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதலில் நாவல்பழச் சாறுபோல் இருந்த நீர் சூடு ஏற ஏறப் பழைய ரோஸ்மில்க்காக மாறுகிறது, பிறகு கரண்டியில் எடுத்துப் பார்த்தால் வெறும் தண்ணீர். அளவோடு போட்ட சாயம் ஏறக்குறைய முழுவதும் நூலுக்குள் போய்விட்டது. கடிகாரம் தேவையில்லை, நீர் தெளிந்தால் வேலை முடிந்தது. அதற்குப் பின் பட்டு அந்த நீரில் இன்னும் ஆறு மணி நேரம் கிடந்தாலும் கூடுதலாக ஏற அங்கே சாயம் இல்லை. இன்னொரு நுட்பமும் உண்டு. சூடு சாயத்தின் வேகத்தைக் கூட்டுகிறது, ஆனால் இறுதியில் எவ்வளவு சாயம் நூலில் தங்கும் என்ற கணக்கு குளிர்ச்சிக்குச் சாதகமானது, ஏனென்றால் சாயம் இழையோடு சேரும்போது வெப்பம் வெளியாகிறது. எனவே சூட்டில் அரை மணி வைத்துவிட்டு அடுப்பை அணைத்து, மூடி போட்டு, இரவெல்லாம் தானாக ஆற விடுவது சோம்பேறித்தனம் அல்ல. மிச்சச் சாயத்தையும் நூலுக்குள் தள்ளும் வழி அது. கொதிக்க விடக்கூடாது என்பது மட்டும் கட்டாயம். சூடு 85 டிகிரியைத் தாண்டித் தளதளவென்று கொதித்தால் இழைகள் உரசிப் பளபளப்பு மங்கும்.

எந்தக் கட்டத்திலும் எழுந்து போகலாம் என்று சொல்லிவிட முடியாது. முதல் பத்துப் பதினைந்து நிமிடம் பட்டு காத்திருக்காது. குளிர்ந்த நீரில் சாயமும் வினிகரும் ஒன்றாகக் கலந்திருக்க, உலர்ந்த நூலை அப்படியே போட்டால் முதலில் நனைந்த இடம் சாயத்தைக் கவ்விக்கொள்ளும், கடைசியில் நனைந்த இடம் வெளிறிப் போகும். அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் நூல் சிட்டத்தை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பிழிந்து, சாய நீரில் விட்டு, திருப்பித் திருப்பிப் போட்டபடி வினிகரைப் பகுதி பகுதியாகச் சேர்க்கிறார்கள். கவனம் முழுவதும் அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் வேண்டும். அதற்குப் பிறகு காலிங் பெல் அடித்தால் போய்க் கதவைத் திறக்கலாம்.

பருத்தியோடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும். பருத்தி செல்லுலோஸ். அதில் அமினோ முனைகள் இல்லை, நீரில் அதன் மேற்பரப்பு இலேசான எதிர்மின் சுமையோடு இருப்பதால் சாயத்தை வா என்று அழைப்பதில்லை. இந்தச் சிக்கலைத் தீர்க்க 1956-இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் வினைபுரியும் சாயங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவை இழையோடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்பவை. அபாரமான கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் அவற்றுக்குச் சலவைச் சோடா வேண்டும். சோடா சேர்த்த நொடியிலிருந்து சாயம் நூலோடு மட்டும் அல்ல, தண்ணீரோடும் வினைபுரியத் தொடங்குகிறது. சில மணி நேரத்தில் கரைசல் செத்துவிடும், பார்க்க நிறம் அப்படியே இருக்கும், துணியில் பிடிக்காது. இப்படித் தண்ணீரோடு போன பங்கு அப்படியே கழிவாகிறது. அதோடு சாயத்தைப் பருத்திப் பக்கம் தள்ள லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பைக் கொட்ட வேண்டும். நொய்யல் ஆறு உப்பேறிப்போனதற்கும், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதற்கும் பின்னால் இந்த எளிய மின்சுமைக் கதைதான் இருக்கிறது. பட்டுச் சாயத்தில் உப்புச் சேர்த்தால் நேர்மாறாக நடக்கும். சாயம் உட்கார வேண்டிய இடத்துக்கு உப்பும் போட்டி போட்டு, சாயம் ஏறுவதை மெதுவாக்கும். ஆகவே அதைச் சிட்டிகை அளவில், நிறம் சீராக வருவதற்காக மட்டும் சேர்ப்பது உண்டு. கம்பளியும் பட்டைப்போலப் புரதம்தான், ஆனால் அதன் இழையில் மீன் செதில்போல ஓடுகள் உண்டு. சூடான நீரிலிருந்து திடீரென்று குளிர்ந்த நீருக்கு மாற்றினாலோ, அவசரமாகக் கிளறினாலோ ஓடுகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு கம்பளி சுருங்கிக் கட்டியாகிவிடும். நடுவில் எழுந்து போய்த் திரும்பி வருபவருக்குக் கம்பளி மன்னிப்புத் தராது.

வரலாறும் பட்டின் பக்கம்தான் பேசுகிறது. செயற்கைச் சாயத் தொழில் என்ற பெரிய ஆலமரத்தின் விதை ஒரு வீட்டில்தான் விழுந்தது. 1856 ஈஸ்டர் விடுமுறையில், கிழக்கு லண்டனில் தன் அப்பாவின் வீட்டு மாடியில் அமைத்திருந்த சின்ன ஆய்வகத்தில், பதினெட்டு வயது வில்லியம் பெர்கின் மலேரியா மருந்தான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தார். கிடைத்தது கறுப்புப் பிசுக்கு. அதைச் சாராயத்தில் கரைத்தபோது ஊதா நிறம் வந்தது. அவர் அதைத் தோய்த்துப் பார்த்தது பட்டில். சோப்புக்கும் வெயிலுக்கும் நிறம் தாக்குப்பிடித்ததைக் கண்டுதான் ஸ்காட்லாந்தின் பர்த் நகரில் இருந்த புல்லர் சாயத் தொழிற்சாலைக்கு மாதிரி அனுப்பினார், அதே ஆண்டில் காப்புரிமையும் வாங்கினார். பட்டில் தானாக ஏறிய அந்த ஊதா பருத்தியில் ஏற மறுத்தது. துவர்ப்புப் பொருளை முதலில் ஊட்டித்தான் அதைப் பருத்தியில் பிடிக்க வைக்க முடிந்தது. பெர்கினின் கையில் அன்று பருத்தித் துணி மட்டும் இருந்திருந்தால் பிசுக்கைக் கழுவி ஊற்றிவிட்டுக் குயினைனுக்கே திரும்பியிருக்கலாம் என்று ஊகிக்கத் தோன்றுகிறது. விடுமுறைக் கால வீட்டுச் சோதனை ஒன்றுக்குப் பதில் சொன்ன இழை பட்டு.

இனி அடுக்களைப் பொருள்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த சாய வேதியியல் ஒன்று ஆரத்தித் தட்டில் இருக்கிறது. மஞ்சள் கரைத்த நீரில் துளி சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தைக் கண்டால் சிவந்து, அமிலத்தைக் கண்டால் மீண்டும் மஞ்சளாகும். மஞ்சள் தோய்த்த பட்டைத் துணி சோப்பில் அலசியதும் திட்டுத்திட்டாகச் சிவப்பதைப் பார்த்துப் பதறுபவர்கள், எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் ஒருமுறை முக்கினால் பழைய நிறம் திரும்பும். பதிமுகக் கட்டையும் இப்படிப்பட்டதுதான். கேரளத்து ஓட்டல்களில் குடிக்கத் தரும் இளஞ்சிவப்பு வெந்நீரில் எலுமிச்சை பிழிந்தால் மஞ்சளாகும், சோடா இட்டால் கருஞ்சிவப்பாகும். இவை இரண்டும் எளிதில் வெளுப்பவை. நிலைக்கும் நிறம் வேண்டுமானால் நடுவே ஒரு தரகர் வேண்டும், நம் ஊரில் அந்த வேலையைப் படிகாரம் செய்திருக்கிறது. அதில் உள்ள அலுமினியம் ஒரு கையால் பட்டின் புரதத்தையும் மறுகையால் சாய மூலக்கூறையும் பிடித்துக்கொள்கிறது. சோழமண்டலக் கரையில் துணிகளைச் சிவப்பாக்கிய சாயவேரின் அலிசரின், அரக்குப் பூச்சியிலிருந்து வரும் சிவப்பு, வெங்காயச் சருகின் பழுப்பு மஞ்சள் எல்லாமே இந்தத் தரகை நம்பியவை. பட்டின் பொறுமை இங்கே இன்னும் தெளிவாகத் தெரிகிறது. படிகார நீரில் பட்டைக் கொதிக்க வைப்பது நல்லதல்ல, ஆறிய கரைசலில் இரவு முழுதும் ஊறவிடுவதே பழைய வழக்கம். உளுந்து ஊறும் நேரத்தில் பட்டும் ஊறுகிறது. இரண்டுக்கும் பக்கத்தில் யாரும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

‘இயற்கைச் சாயம் நல்லது, கெமிக்கல் விஷம்’ என்ற ஒற்றை வரித் தீர்ப்பை இந்த இடத்தில் சிலர் எடுத்து நீட்டுவார்கள். அது அவ்வளவு எளிதல்ல. படிகாரமும் கெமிக்கல்தான். இயற்கைச் சாயத்துக்கு நிறம் கூட்டும் வழிகளில் குரோமிய உப்பும் உண்டு, அதை வீட்டுப் பக்கமே கொண்டுவரக் கூடாது. அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கடுக்காயோடு சேர்த்தால் மைபோன்ற கறுப்பு வரும், ஆனால் இரும்பு கூடினால் பட்டு இழையே வருடங்கள் போகப் போக நைந்து உதிரும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியப் பட்டு வணிகர்கள் பசை போக்கியதால் குறைந்த எடையை ஈடுகட்ட வெள்ளீய உப்புகளைப் பட்டில் ஏற்றினார்கள், துணி கனத்தது, விலையும் ஏறியது. அந்த உடைகள் இன்று அருங்காட்சியகங்களில் மடிப்புக்கு மடிப்பு கிழிந்து தூளாகின்றன. மறுபுறம், செயற்கைச் சாயங்களில் சில அசோ வகைகள் உடைந்து புற்றுநோய் தூண்டும் அமீன்களை வெளிவிடுவதால் ஜெர்மனி 1994-இலும் இந்தியா 1997-இலும் அவற்றைத் தடை செய்தன. ஆக, பார்க்க வேண்டியது இயற்கையா செயற்கையா என்பதை அல்ல, டப்பாவில் இருப்பது எது என்பதை. வினிகர் சாயத்தில் பெரிய அபாயம் கரைசலில் இல்லை, தூளில் இருக்கிறது. மூடியைத் திறந்து அளக்கும் அரை நிமிடத்தில் காற்றில் பறக்கும் தூளை மூச்சில் இழுக்காமல் மூக்கை மூடிக்கொள்வதும், சாயத்துக்கு வைத்த குண்டானும் கரண்டியும் மறுபடி சமையலுக்குப் போகாமல் பார்ப்பதும் கட்டாயம். சாய வேலையின் நேரம் சமையல் நேரத்தோடு கலக்கலாம், பாத்திரம் கலக்கக் கூடாது.

பட்டறைக்காரர்கள் எழுப்பும் மறுப்பு வேறு. ‘வீட்டில் செய்த நிறம் அடுத்த முறை அதேபோல் வராது’ என்பார்கள். பாதி உண்மை. ஒரே நிறத்தில் நூறு புடவைக்கு நூல் வேண்டுமென்றால் பட்டறைதான் சரி, அதை வீட்டில் முயல்வது வீண். ஆனால் திரும்ப வராததற்குக் காரணம் கைராசி அல்ல, எடை பார்க்காதது. சாயத்தின் அளவு தண்ணீரின் அளவைப் பொறுத்ததல்ல, நூலின் எடையைப் பொறுத்தது. 50 கிராம் சிட்டத்துக்கு ஒரு சதவீத நிறம் என்றால் அரை கிராம் தூள் வேண்டும். அடுக்களைத் தராசு அரை கிராமைக் காட்டாது. அதனால் 10 கிராம் தூளை ஒரு லிட்டர் நீரில் கரைத்துப் பாட்டிலில் வைத்துக்கொண்டு, 50 மில்லி அளந்தால் சரியாக அரை கிராம் கிடைக்கிறது. அளக்கக் காலியான இருமல் மருந்தின் மூடி போதும். பல அமிலச் சாயக் கரைசல்கள் மாதக்கணக்கில் கெடாமல் நிற்பவை, பருத்திச் சாயத்தின் சோடாக் கரைசல்போல இன்றே முடி என்று விரட்டுபவை அல்ல. எந்தப் பாட்டிலில் எத்தனை மில்லி, எத்தனை கிராம் நூல் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால் நிறம் மிக நெருக்கமாகத் திரும்ப வரும். ஆனால் சித்திரம் செய்பவருக்கு வேண்டியது ஒரே நிறத்தின் நகல்களைவிட ஒரு நிறத்தின் படிகள். சாய நீரில் முதல் சிட்டத்தைக் கால் மணி வைத்து எடுத்துவிட்டு, மிச்ச நீரில் இரண்டாவதையும், பிறகு மூன்றாவதையும் போட்டால் அடர்நீலம், நடுநீலம், விடியற்கால வானம் என்று ஒரு வரிசை தானாக வந்து நிற்கிறது. பட்டறையில் மிச்சச் சாயம் கழிவு. வீட்டில் அது அடுத்த நிறம்.

நூலை விட்டுத் துணிக்கு வந்தால் இன்னொரு விஷயம் கண்ணில் படும். நனைந்த பட்டில் தூரிகையால் சாயம் தீட்டி, ஈரம் காய்வதற்கு முன் கல்லுப்பைத் தூவிப் பாருங்கள். சில நிமிடங்களில் ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் வெளிறிய கோடுகள் ஓட, நடுவில் நிறம் குவிந்து பனிப்பூபோலத் தெரிகிறது. மந்திரம் ஒன்றும் இல்லை. உப்பு ஈரத்தைத் தன் பக்கம் இழுக்கிறது, ஈரம் வரும்போது இன்னும் பட்டில் பிணையாத சாயத்தையும் தூக்கிக்கொண்டு வருகிறது. மேஜையில் சிந்திய காபித் துளி காய்ந்ததும் ஓரத்தில் மட்டும் கரும்பழுப்பு வளையம் விழுவதும் இதன் சொந்தக்காரன்தான். 1997-இல் ராபர்ட் டீகனும் சிகாகோ பல்கலைக்கழகத்து இயற்பியலாளர்களும் ‘நேச்சர்’ இதழில் அதை விளக்கினார்கள். துளியின் விளிம்பு இடம் பெயராமல் ஒட்டிக்கொள்கிறது, அங்கே நீர் வேகமாக ஆவியாகிறது, இழந்ததை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் ஓரத்துக்குப் பாய்கிறது, துகள்கள் அதோடு போய்ச் சேர்கின்றன. பட்டுத்துணியில் தண்ணீர்க் கோடு என்று சாயக்காரர் அலுத்துக்கொள்ளும் கறையும் இதுதான். தீட்டிய சாயம் நிலைக்க நீராவி வேண்டும், அதற்கு இட்லிப் பானையைவிட நல்ல கருவி தேட வேண்டியதில்லை, பழைய பானையாக இருக்கட்டும். துணியை எழுத்தில்லாத வெற்றுத் தாளில் சுருட்டித் தட்டில் வைத்து ஆவி காட்டினால் சாயம் ஓடுவதற்கு நீர் இல்லாமல் இருந்த இடத்திலேயே இழைக்குள் போகிறது. மூடியிலிருந்து ஒரு சொட்டு ஆவி நீர் விழுந்தால் அந்த இடத்தில் வெளிறிய வட்டம் விழும். கொழுக்கட்டைக்கு மேல் துணி போட்டு மூடுவார்களே, அதே துணிதான் இங்கும் காப்பாற்றும்.

பட்டு காத்திருக்கும் என்ற வாதத்தை உடைக்க ஒருவர் அவுரியைக் காட்டலாம். அவுரி நீலம் நீரில் கரையாது. காரம் கூடிய, ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் அதைக் கரையும் மஞ்சள்பச்சை உருவுக்கு மாற்றி, நூலை முக்கி எடுத்துக் காற்றில் பிடித்தால் பச்சை நீலமாகிறது. தென்னிந்திய முறையில் சுண்ணாம்பும் வெந்த தகரை விதையும் சேர்த்துத் தொட்டியைப் புளிக்க வைத்தார்கள். சுண்ணாம்பு பட்டுக்குப் பகை. அந்தத் தொட்டியில் பட்டை மறந்துவிட்டுப் போனால் இழை சொரசொரத்து வலுவிழக்கும். சரி, இங்கே பட்டு காத்திருக்காது, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் தொட்டி காத்திருக்கும். தோசை மாவைப் பார்த்துக்கொள்வதுபோல அதற்குச் சூடும் தீனியும் கொடுத்து வந்தால் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். பட்டுக்கு வேண்டியது ஒன்றிரண்டு நிமிட முக்கு, காற்றில் பத்து நிமிடம், மறுபடி முக்கு, கடைசியில் வினிகர் நீரில் ஓர் அலசல். இரண்டு முக்குகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் போனாலும் நீலம் கோபித்துக்கொள்வதில்லை. தொடர்ந்து நிற்க வேண்டிய நேரம் மொத்தத்தில் ஒரு சீரியல் விளம்பர இடைவேளை அளவுதான்.

சாயம் ஏறிய பட்டு கலையாவது எங்கே என்று கேட்டால், பஞ்சாபின் பூல்காரியைப் பார்க்கச் சொல்வேன். கையால் நெய்த முரட்டுப் பருத்தித் துணியில் முறுக்காத பட்டிழையால், துணியின் பின்புறத்திலிருந்து நூலை எண்ணியெண்ணிப் பெண்கள் வீட்டில் தைத்த வேலை அது. பட்டிழையைச் சாயக்காரர்கள் தோய்த்துத் தந்தார்கள், தைப்பது முழுக்க வீட்டில், மகளின் கல்யாணத்துக்காக மாதங்கள், சில நேரம் வருடங்கள் நீண்டது. ஒரு நல்ல பூல்காரியைக் கையில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தால் ஒரே பொன்மஞ்சள் இரண்டு நிறமாகத் தெரியும். நெடுக்கில் தைத்த தையல் மின்ன, குறுக்கில் தைத்தது மங்கிக் கிடக்கும். துணியைத் திருப்பினால் மங்கியது மின்னும். பட்டிழையின் குறுக்குவெட்டு உருண்டையாக இல்லாமல் ஏறக்குறைய முக்கோணமாக இருப்பதும், முறுக்கில்லாததால் இழைகள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருப்பதும் ஒளியைக் கண்ணாடிபோல் ஒரு பக்கமாகத் திருப்பிவிடுகின்றன. ஒரே சாயத்திலிருந்து இரண்டு நிறம் எடுக்கும் இந்த உத்தியை எந்த நூலில் எழுதி வைத்தார்கள்? மாலை வெயில் விழும் முற்றத்தில், வேலைக்கு நடுவே எடுத்துத் தைத்து வைத்துவிட்டுப் போய், மறுநாள் வேறு வெளிச்சத்தில் மறுபடி எடுத்துப் பார்த்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது. ஒரே மூச்சில் உட்கார்ந்து முடிக்கும் வேலையில் இந்தப் பார்வை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு வேதியியல் சார்ந்ததல்ல. ‘துண்டு நேரத்தைப் புகழ்வது பெண்களின் நேரம் துண்டாடப்படுவதைப் புகழ்வதாகாதா’ என்ற கேள்வி அது. நியாயமான கேள்வி. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாட்டின் நெசவாளர்களும் துணைத் தொழிலாளர்களும் 35 லட்சத்துக்கு மேல், அவர்களில் 70 சதவீதத்துக்கு மேல் பெண்கள். பெரும்பாலானோர் வீட்டிலேயே வேலை செய்பவர்கள். தறிக்குப் போகும் முன் நூல் சுற்றுவது, பிரிப்பது, சேர்ப்பது எல்லாம் வீட்டு வேலையோடு கலந்து போய், பல இடங்களில் கூலிக் கணக்கில் ஏறாமலே முடிகின்றன. பட்டின் பொறுமையைக் காட்டி அந்த நேரத்தை மலிவாக்குவதற்கு இந்த வாதத்தைப் பயன்படுத்தினால் அது தவறு. ஆனால் வேதியியல் சொல்வது வேறு. ‘வீட்டில் செய்தது, அதனால் தரம் குறைவு’ என்று சொல்லித்தான் வீட்டு வேலைக்கு விலை குறைக்கப்படுகிறது. வினிகர் நீரில் நிதானமாக ஆறிய சிட்டம், பட்டறையில் விரட்டி எடுத்த சிட்டத்தைவிடத் தாழ்ந்ததில்லை என்பது பேரத்தில் நிற்பவருக்குப் பயன்படும் உண்மை. மூன்று நாள் எடுத்தது என்றால் மூன்று நாள்தான் எடுத்தது. நடுவே சாம்பாரும் வைத்தார் என்பதற்காகக் கூலியைக் கழிக்க முடியாது.

கடைசியாக வெளிச்சம். தோய்த்துத் தைத்து மாட்டிய பட்டுக்குப் பெரிய எதிரி தண்ணீர் அல்ல, ஜன்னல். வெளிச்சம், குறிப்பாகப் புற ஊதாக் கதிர், சாயத்தை மட்டுமல்லாமல் பட்டுப் புரதத்தையும் தாக்கி மஞ்சளாக்கி நொறுங்க வைக்கிறது, அதனால்தான் பெரிய அருங்காட்சியகங்கள் பழைய துணிகளின் மேல் 50 லக்ஸுக்கு அதிகமான ஒளி படாமல் பார்த்துக்கொள்கின்றன. சாயம் எவ்வளவு தாங்கும் என்பதை அளக்கச் சாயத் தொழிலில் எட்டு நீலக் கம்பளிப் பட்டைகள் உண்டு. ஒன்றாம் எண் சீக்கிரம் வெளுக்கும், எட்டாம் எண் மிக மெதுவாக, ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறத்தாழ இரு மடங்கு தாங்கும். அந்த அட்டை இல்லாவிட்டாலும் சோதனை செய்யலாம். பயன்படுத்தப் போகும் ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு அங்குல நூலை ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டி, பாதியைக் கறுப்புத் தாளால் மறைத்து, தெற்குப் பார்த்த ஜன்னலில் செருகிவிட்டு, ஒரு மாதம் வேறு வேலை பார்க்கலாம். மாதக் கடைசியில் கறுப்புத் தாளைத் தூக்கினால் மஞ்சள் தோய்த்த நூல் பாதி அடர்ந்தும் பாதி வெறும் சந்தன நிறமாகவும் இருக்கும். பக்கத்தில் அவுரி நீலத்தில் மறைத்த பாதி எது, வெயில் பட்ட பாதி எது என்று அடையாளம் காண இன்னொரு முறை உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும்.